பயில்முறை நாடகமும் ஊர் வாழ்வும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில், இளைஞர் பகுதியின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)





இச்சபையிற் பேசுவதற்கு எமக்கு வயதுமில்லை, அநுபவமுமில்லை. முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களிற் சிலர் முகத்தில் அரிதாரம் பூசிய ஆண்டுகளின் தொகையே எமது வயதிலும் கூடியது. ஆயினும் இளைஞர் பகுதியினர் "பயனுள்ள ஒரு விடயம்" பற்றி இவ்விழாவிற் பேசவேண்டும் என்று நிருவாக சபை பணித்தது. பயனுள்ள விடயங்கள் பல உள. அவற்றுள் நாடகத்தை நாம் தெரிந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதனை மறைக்க நாம் விரும்பவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடவிருக்கும் பொதுக்கூட்டத்தில், இவ்வாண்டு முதல் சங்கத்தின் நாடகத்தை நிறுத்திவிட்டு, அந்த இரவுக்குப் பட்டினத்திலிருந்து ஓர் இசைக்குழுவை அழைப்பதா என்னும் கேள்வி வரவிருக்கின்றது. வெளிநாட்டிலிருக்கும் எமது உறவினர் சிலர் இசைக்குழுவுக்கான செலவு முழுவதையும் தாமே தருவதாக அறிவித்திருக்கிறார்கள். நாடகத்துக்கு அப்படி ஒருவரும் அறிவிக்கவில்லை. ஆகவே இதனைச் சொற்பொழிவு என்று கொள்ளாமல், நாடகத்தின் பக்கம் நின்று பேசும் ஒரு வழக்கு என்றே கொள்ளும்படி கேட்டுக்கொள்கின்றோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பயில்முறை நாடகம் என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் ‘அமெச்சூர்’ நாடகம் என்பார்கள். அச்சொல் பிரெஞ்சு மொழிவழி வந்தது; அதன் வேர் இலத்தீன். ஒன்றன்மேல் விருப்பங்கொண்டவன், அதனை நேசிப்பவன் என்பதே அதன் பழம்பொருள். பிற்காலத்தில், அரைகுறையாகச் செய்பவனுக்கும் அதே பெயர் வந்து சேர்ந்துவிட்டது. பொருள் இவ்வாறு இறங்கியதற்கு எம்மைப் போன்ற நடிகர்களும் ஓரளவு காரணம் என்பதைப் பின்னர் ஒப்புக்கொள்வோம்.

நாடகம் ஆடுகின்றவனைக் ‘கூத்தாடி’ என்று சொல்லி ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது. சென்னையிலே பம்மல் சம்பந்த முதலியாரே இளமையில் தமிழ் நாடகம் என்றால் வெறுத்தவர். பல்லாரியிலிருந்து வந்த ஒரு தெலுங்கு நாடக சபையினர் நடித்ததைக் கண்ட பின்னரே அவர் மனம் மாறிற்று. அச்சபையை நடத்தியவர் ஒரு வக்கீல். பகலிலே நீதிமன்றத்துக்குப் போகும் மனிதன் மாலையிலே வேடம் புனைவதில் இழிவொன்றுமில்லை என்று கண்ட சம்பந்த முதலியார், 1891ஆம் ஆண்டு நண்பர்களுடன் கூடிச் சுகுண விலாச சபையைத் தொடக்கினார். அவரும் வக்கீலாகிப் பின்னர் நீதிபதியாகவும் இருந்தார். அதனிடையே தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களையும் எழுதினார். சேக்ஸ்பியரின் அம்லெத்து அவர் கையில் ‘அமலாதித்தன்’ ஆயினான். மக்பெத்து ‘மகபதி’ ஆயினான். அச்சபை 1911இல் இலங்கைக்கு வந்து நடித்தது. அதனால் ஊக்கம் பெற்றவருள் ஒருவரே எமது கலையரசு க. சொர்ணலிங்கம் அவர்கள். கொழும்பிலே இலங்கை சுபோத விலாச சபையை நிறுவுவதில் முன்னின்று உழைத்த அவர், தம் நீண்ட மேடை வாழ்வை ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ என்னும் நூலில் எழுதி வைத்துச் சென்றிருக்கிறார். எமது சங்க வாசிகசாலையில் அந்நூலின் பிரதி ஒன்று உண்டு. கடைசியாக அது எப்போது இரவல் கொடுக்கப்பட்டது என்று பதிவேட்டைப் பார்த்தோம்; அதைச் சொன்னால் எமக்குத்தான் வெட்கம்.

எம்மிற் பலர் பட்டினத்திலுள்ள ஒரு மிஷன் கல்லூரியிற் படித்தவர்கள். இதைச் சிலர் குறையாகவும் சொல்வதுண்டு. நத்தார்க் காலத்திற் பாலன் பிறப்பு நாடகம் போடுவார்கள். சைவப் பிள்ளைகளாகிய நாம் அதிலே இடையர்களாகவும் கீழ்த்திசை ஞானிகளாகவும் நின்றோம். ஒருமுறை ஞானிகள் மூவருள் ஒருவர் அன்று வெள்ளிக்கிழமை என்றபடியால் நெற்றியிற் திருநீற்றோடே மேடையேறிவிட்டார். பயிற்றிய ஆசிரியர் சிரித்துவிட்டு, "கிழக்கிலிருந்து வந்தவர்தானே, இருக்கட்டும்" என்றார். அந்த மேடையிலே நாம் கற்றவை மூன்று நான்கு உண்டு. ஆறு மணி என்றால் ஆறு மணிக்கே திரை விலகவேண்டும். மற்றவன் பேசும்போது கேட்டுக்கொண்டு நிற்பதும் நடிப்புத்தான். இராசா வேடம் இன்று உனக்குக் கிடைத்தால், நாளைக்கு நீ ஈட்டியைப் பிடித்துக்கொண்டு வாயிலில் நிற்கவேண்டும். இக்கடைசிப் பாடத்துக்கு நாம் மறுபடியும் வருவோம்.

பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அவர்கள் நாடகத்தை ஊரின் வாய்மொழிக்கே கொண்டுவந்தவர். அவரது ‘நானாடகம்’ 1940இல் வெளிவந்தது. அதிலே வரும் மனிதர்கள் மேடைக்கென்று வேறு பாஷை பேசுவதில்லை. யாழ்ப்பாணத்து வீட்டு விறாந்தையிற் பேசுவதையே பேசுகிறார்கள். அவருக்குப் பின் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பேராதனை மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964), ‘வாலி வதை’ (1967) என்று மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றினார். சிங்கள நாடகத்தில் பேராசிரியர் சரச்சந்திரா 1956இல் ‘மனமே’யை அளித்த காலத்தை அடுத்து நடந்தது இது. நடித்தவர்கள் எம்மைப் போன்ற மாணவர்கள்; ஒருவரும் நடிப்பினாற் சீவித்தவரல்லர். பல்கலைக்கழகத்திற் பயிலும் எமக்கு அது பெருமை. ஆனால் பேராதனைக்குப் போவதற்கு முன்னரே அக்கூத்து ஊரிலே வாழ்ந்துகொண்டிருந்தது என்பதை மறக்கலாகாது. அது எப்படி வாழ்ந்தது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல அநுமதி வேண்டுகிறோம். எமது வாதம் பெரும்பாலும் அதிலேதான் இருக்கின்றது.

மட்டக்களப்பிலே ஓர் ஊர் கூத்தாட முடிவு செய்தால், முதலில் அண்ணாவியாரை ஒழுங்கு செய்வார்கள். நல்ல நாளொன்றில், ஊர் கூடியிருக்க, இன்னாருக்கு இன்ன வேடம் என்று தீர்மானித்து அவரவர் பாட்டை எழுதிக் கொடுப்பார்கள்; அதற்குச் ‘சட்டங் கொடுத்தல்’ என்று பெயர். பின்னர் இரவு இரவாகப் பழக்கம். வயல் வேலை முடித்து வந்தவன் மத்தளச் சொல்லுக்குக் கால் வைக்கப் பழகுவான். பழக்கம் ஓரளவு தேறியதும் சதங்கை அணி விழா. அன்றைக்குத்தான் ஆட்டக்காரன் காலிலே முதன்முதல் சதங்கை ஏறும். பின்னர் ‘அடுக்குப் பார்த்தல்’. முழுக் கூத்தையும் ஒரே இரவில் வரிசையாக ஆடிப் பார்ப்பார்கள். அதன்பின் வட்டக்களரியில் அரங்கேற்றம். நாற்புறமும் சனம், விடிய விடிய ஆட்டம். அத்துடனும் முடிவதில்லை. அரங்கேறிய பின் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவார்கள். ஆக, ஓர் இரவு ஆட்டத்துக்காக ஊர் மாதக்கணக்காக ஒன்றுகூடுகிறது. அந்த மாதங்களிலே எத்தனை பகை ஆறியிருக்கும், எத்தனை பகை புதிதாய் மூண்டுமிருக்கும்! இரண்டும் உண்டு. ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருப்பது மட்டும் இயலாது.

இசைக்குழு வந்தால் ஆறு மணிக்கு வாகனம் வரும், ஒலிபெருக்கிகளை இறக்குவார்கள், பாடுவார்கள், நன்றாகவே பாடுவார்கள், நள்ளிரவில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அன்றைக்கு நாம் செய்யக்கூடிய வேலை கதிரை அடுக்குவதும் கைதட்டுவதும். நாடகத்துக்கோ தையற்காரர் வேண்டும். தச்சுவேலை தெரிந்தவர் வேண்டும். மின்சாரம் பார்ப்பவர் வேண்டும். தேநீர் வைக்கும் தாய்மார் வேண்டும். கொப்பி பிடித்து மறந்த வரியைத் திரைமறைவிலிருந்து எடுத்துக்கொடுக்க ஒருவர் வேண்டும். மேடையில் நிற்பவர் பன்னிருவர் என்றால், அவர்களுக்குப் பின்னால் நிற்பவர் நாற்பதின்மர். இந்த நாற்பதின்மரைத்தான் ஊர் என்கிறோம்.

வாக்குறுதியினால் ஊரே நடிகராவது எமது நாட்டில் மட்டும் நடப்பதன்று. ஜெர்மனியின் பவேரியா மலைநாட்டிலே ஓபரமர்கௌ என்றொரு கிராமம். 1633இல் கொள்ளை நோய் பரவியபோது, நோய் நீங்கினால் யேசுவின் பாடுகளை நாடகமாக நடிப்போம் என்று ஊரார் நேர்ந்துகொண்டார்கள்; மறு ஆண்டே நடித்தார்கள். இன்றும் பத்து ஆண்டுக்கு ஒருமுறை நடிக்கிறார்கள்; 2020இல் வரவேண்டியது மற்றொரு கொள்ளை நோயினால் 2022க்குத் தள்ளிப்போனது. ஊரின் சனத்தொகை ஏறத்தாழ ஐயாயிரம். அதில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பங்குகொள்கிறார்கள். வெளியூர் நடிகருக்கு இடமில்லை. மிஷன் கல்லூரியில் இதனைக் கேட்டபோது எமக்கு அது புதுமையாகவே தோன்றவில்லை. அம்மை நோய் மாறினால் காத்தவராயன் கூத்தில் ஆடவைப்பதாக அம்மனுக்கு நேர்ந்துகொள்ளும் தாய்மாரை நாம் சிறுவயது முதற் கண்டிருக்கிறோம். சிறுவன் ஒருவன் தொடங்கிய காத்தவராயனை இளைஞன் ஒருவன் ஏற்று, வேறொருவன் கழுமரத்தில் முடிக்கிறான். ஒரு வேடத்தை ஊர்ப் பிள்ளைகள் பலர் பங்கிட்டுக்கொள்ளும் அந்த முறையைப் பற்றி எவரும் எமக்கு வகுப்பறையிற் சொல்லித் தரவில்லை.

இனி எமது சங்கத்துக்கு வருவோம். எமது நாடகப் பெட்டியின் கதையை இங்குள்ள பெரியோர் அறிவர்; இளைஞர் பலர் அறியார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி மழையில் நடந்தது. நாம் பிறப்பதற்கு முந்திய நிகழ்ச்சி அது. சங்கத்தின் றங்குப்பெட்டியிலே முடிகளும், வெல்வெட்டு உடுப்புகளும், ஒரு மர வாளும் இருந்தன. அவற்றைத் தூக்க ஆளில்லை. ஆனால் சங்கத்துப் பெரியவர் ஒருவர் தமது சைக்கிள் கரியரில் அரிசிப் பையின் கீழே மயான காண்டக் கொப்பியைப் பொலித்தீனிற் சுற்றிக் கட்டிக்கொண்டு போனார். வழியிலே கண்டுபிடித்த அவரது மனைவியார், "சனம் உயிரைக் கொண்டு ஓடுது, நீங்கள் அரிச்சந்திரனைக் கட்டிக்கொண்டு வாறியளோ" என்று பேசினாராம். மறு ஆண்டு திரும்பி வந்தபோது பெட்டி திறந்து கிடந்தது, உள்ளே ஒன்றுமில்லை. கொப்பி மட்டும் மிஞ்சியது. அதன் சில பக்கங்களில் மை கரைந்திருக்கின்றது. அவ்விடங்களைப் பெரியவர் மனத்திலிருந்து சொல்ல நாம் எழுதிக்கொண்டோம். அந்தப் பெரியவரும் அவரது மனைவியாரும் இன்று இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார்கள்.

யுத்த காலத்திலும் நாடகம் ஓய்ந்து கிடக்கவில்லை. குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்கள் எழுதிக் க. சிதம்பரநாதன் அவர்கள் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் மேடையேறி ஊர்கள் பலவற்றுக்குச் சென்றது. மக்கள் தம்முள் மெல்லப் பேசிக்கொண்டதை மேடையிலே உரக்கக் கேட்டார்கள்.

குறைகளையும் சொல்லவேண்டும் என்று முன்னரே வாக்களித்தோம். பயில்முறை நாடகங்களிற் பல பார்க்கச் சகிக்காதவை. வசனம் மறந்துபோகும், மறந்ததை மறைக்கச் சினிமாப் பகிடி நுழையும், ஏழு மணி என்று அறிவித்து ஒன்பதரைக்குத் திரை விலகும், அதற்கிடையில் ஐந்து பேர் வாழ்த்துரை. பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் பரீட்சைக்குரிய பாடமாக இருக்கின்றது. தமிழ்த் தினப் போட்டிக்கு ஆண்டுதோறும் நாடகம் தயாராகின்றது. ஆயினும் அதே பிள்ளைகள் ஊர் மேடையில் நிற்பது அரிது. நடுவர்களுக்காக ஆடியது நடுவர்களோடு முடிந்துவிடுகிறது. எமது நாடகத்துக்கு இளைஞர் வருவதில்லை என்ற குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. ஒத்திகை என்று அழைத்துவிட்டுக் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நாமும் உண்டு.

ஆனாலும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாம் ஆடிய மயான காண்டத்தை எண்ணிப் பாருங்கள். நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் ஊர் ஊராக ஆயிரக்கணக்கான இரவுகள் ஆடி, யாழ்ப்பாணத்தார் காதிலே பதியவைத்த கதை அது. அவர் 1989இல் மறைந்தார். அவருடைய அரிச்சந்திரனைக் கண்ட கண்கள் இச்சபையில் இன்னும் இருக்கின்றன. அந்தக் கண்களுக்கு முன்னால் நிற்பதற்கே எமக்குக் கால் நடுங்கிற்று. பாம்பு கடித்து இறந்து கிடந்த எமது லோகிதாசன் நுளம்புக் கடி பொறுக்காமல் எழுந்து கன்னத்தில் அடித்துக்கொண்டு மீண்டும் இறந்தான். சபை வெடித்துச் சிரித்தது. நாடகம் அத்தோடு போயிற்று என்றே எண்ணினோம். ஆனால் சந்திரமதியாக நின்றவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்கவில்லை. அதற்குள்ளேயே புலம்பலைத் தொடங்கினார். இரண்டாவது அடிக்கு முன் சபை அடங்கிவிட்டது. யுத்தத்திற் பிள்ளையை இழந்த தாய் ஒருவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய், வேலியோரம் நின்று அழுதுவிட்டு, மறுபடியும் வந்து அதே இடத்தில் அமர்ந்ததை மேடையிலிருந்தே கண்டோம். பிள்ளையைப் பறிகொடுத்தவர் அவர் ஒருவரல்லர் என்பதை இச்சபை அறியும். அவர்கள் ஓரிடத்திற் கூடி அழுவதற்கு வேறு சடங்கு எமது ஊரில் இருக்கிறதா என்று பின்னர் யோசித்தோம். எமக்குத் தெரிந்து இல்லை.

அந்த இரவைப் பற்றிச் சொல்லவேண்டிய மற்றொன்றும் உண்டு. அது எமது குற்றம்.

அரிச்சந்திரனை விலைக்கு வாங்கிச் சுடலை காக்க வைக்கும் வீரவாகுவின் வேடத்தை ஏற்க எம்மில் எவரும் முன்வரவில்லை. "வேறை வேசம் இல்லையோ" என்று வீட்டிலே கேட்டார்களாம். ஈற்றில், மேடை கட்ட உதவிக்கு வந்திருந்த மேற்குக் குறிச்சி இளைஞர் ஒருவரைப் பிடித்தோம். அவர் ஏன் என்று கேட்கவில்லை; நாமும் ஏன் என்று சொல்லவில்லை. இரு தரப்பாருக்கும் காரணம் தெரிந்திருந்தது. ஒன்பது நாள் ஒத்திகையில் அவர் கொப்பி முழுவதையும் பாடமாக்கிவிட்டார். அன்றிரவு அவர் வாய் திறந்ததும் முதியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நாம் பார்த்தோம். நாடகம் முடிந்து எல்லாருமாய் நின்று படம் பிடித்துக்கொண்டோம். அப்படம் அவ்வாண்டு மலரில் வெளிவந்தது. வீட்டிலே மலர் இருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். படத்தில் நிற்பவர்கள் பன்னிருவர். கீழே அச்சிட்ட பெயர்கள் பதினொன்று. பின்னர் ‘முதலியோர்’ என்று ஒரு சொல். அதை அச்சுப் பிழை என்று சொல்லித் தப்பிக்கொள்ள வழியில்லை, மலர்க் குழுவிலே நாமும் இருந்தோம், ஒப்புநோக்கியவர்களும் நாமே.

அரசன் ஒருவன் சுடலை காப்பவனுக்கு அடிமையாய் நின்று, கால்பணமும் முழத்துண்டும் கேட்டு, சொந்தப் பிள்ளையின் பிணத்தையே மறித்த கதையை நாம் கண்ணீரோடு பார்த்தோம். பார்த்து முடித்த கையோடு இதைச் செய்தோம்.

இவ்வாண்டு நாடகத்துக்கு ஆள் சேர்க்கும்போது அவரிடம் போனோம். மோட்டார்ச் சைக்கிள் திருத்தும் கடை ஒன்றில் வேலை செய்கிறார். கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பெயர் விடுபட்டதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. நாமே பேசி மன்னிப்புக் கேட்டோம். "அதை விடுங்கோ அண்ணை. வாறதுக்கு எனக்கு விருப்பந்தான். ஆனா இந்தமுறை அரிச்சந்திரன் வேசம் தாங்கோ. பாட்டு முழுக்கப் பாடம்" என்றார். அங்கேயே, கடைவாசலில் நின்று, இரண்டு பாட்டுப் பாடியும் காட்டினார். சென்றமுறை அரிச்சந்திரனாக நின்றவர் எம்முடன் வந்திருந்தார். சுருதி ஏறினால் அவருக்குக் குரல் எட்டாது என்பது உங்களுக்கும் தெரியும்; பொறுத்துக்கொண்டீர்கள். திரும்பும் வழியில் அவரே சொன்னார், "குடுப்பம்; ஞாயம் அதுதான்" என்று.

இச்செய்தி ஊரிற் பரவிய கிழமையிலேதான் இசைக்குழு என்ற பேச்சும் எழுந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்பீர்களாயின் எமக்கு மகிழ்ச்சியே. தொடர்பு உண்டாயின், அதை இங்கேயே, வெளிச்சத்திலேயே பேசிக்கொள்வது நல்லது. கொப்பியைக் காத்த பெரியவரிடம் இதனைச் சொன்னபோது, "கடதாசி முடிதானே தம்பி, அதுக்கேன் இவ்வளவு சண்டை" என்றார். அவர் இரண்டு பக்கத்தாரையும் நோக்கித்தான் சொன்னார் என்று நினைக்கிறோம். ஆனால் ஐயா, கடதாசி முடியானபடியாற்றான் அது யாருடைய தலைக்கும் பொருந்தும். பொன்முடியாயின் பேச்சே வேறு.

பழைய கூத்து இவ்விடயத்திற் குற்றமற்றது என்று நாம் வாதாடவில்லை. அங்கும் குடிப்பெருமை பார்த்து வேடம் பகிர்ந்த ஊர்கள் உண்டு. அதனை மாற்ற முயன்றதும் அதே கூத்துத்தான். 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது இங்குள்ள பெரியோர்க்கு நினைவிருக்கும். கோயிற் கதவைப் பற்றிய அக்கேள்வியையே என். கே. ரகுநாதன் அவர்கள் காத்தவராயன் கூத்தின் மெட்டில் ‘கந்தன் கருணை’யாக எழுதினார். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மட்டக்களப்புச் சீலாமுனையிலே, சி. ஜெயசங்கர் அவர்களுடன் ஊர் மக்களே கூடியிருந்து, தமது கூத்துப் பாட்டுகளில் சாதியையும் பெண்களையும் இழிக்கும் இடங்கள் எவை, வேடம் பகிர்வதில் நியாயம் எது என்று பேசிப் பேசித் திருத்தி ஆடினார்கள். வெளியார் வந்து திருத்தினாரில்லை. மத்தளம் அடித்தவரும் ஆடியவரும் பார்த்தவரும் தாமே பேசித் தீர்த்தார்கள். அப்படிப் பேசுவதற்கு அவர்களுக்கு ஒரு கூத்து இருந்தது. இசைக்குழுவிடம் போய் நாம் எதைப் பேசுவது?

பெண்கள் வேடத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சங்கத்துச் சகோதரிகள் இருவர் இவ்வாண்டு நடிக்க விரும்புகிறார்கள். ஒருவரின் தாயார் சம்மதம். மற்றவரின் தாயார் யோசிக்கிறார். முன்னர் சொன்ன ஓபரமர்கௌவிலும் மணமான பெண்களுக்கும் 35 வயதைக் கடந்த பெண்களுக்கும் மேடை மறுக்கப்பட்டிருந்தது. வழக்காடித்தான் 1990இல் அந்தத் தடை நீங்கிற்று. எமது ஊரில் நீதிமன்றம் வரை போகவேண்டியிராது என்று நம்புகிறோம். ஒத்திகை ஏழரை மணிக்கு முடியும். அத்தாயாரும் கூடவே வந்திருக்கலாம். சந்திரமதியின் உடுப்புத் தைக்க ஆள் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்ப முன்வந்த உறவினர்களை நாம் குறைகூறமாட்டோம். அவர்களின் அன்புக்கு எமது நன்றி. சென்ற நாடகத்தைத் தொலைபேசி வழியாக நள்ளிரவிலும் விழித்திருந்து பார்த்தவர்களும் அவர்களே. பார்த்துவிட்டு அவர்கள் கேட்ட கேள்விகள் நினைவிருக்கிறது: "மேடைக்குப் பின்னால தெரியிறது எங்கட வேம்போ?" "அது இன்னாற்றை பேரனோ?" "உந்தக் குரல் எந்த வீட்டுப் பெடியன்?" இசைக்குழுவைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி வராது. அவர்களுக்கு நாம் ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். அதே பணத்தில் நாலில் ஒரு பங்கு தந்தாற் போதும், முடியும் உடுப்பும் நிரந்தரமாய்ச் செய்து, பூட்டுள்ள ஒரு பெட்டியும் வாங்கிவிடலாம் என்று கணக்கும் இணைத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

பொதுக்கூட்டம் எவ்வாறு தீர்மானித்தாலும் அதற்குக் கட்டுப்படுவோம். நாம் இச்சங்கத்தின் பிள்ளைகள். தீர்மானம் நாடகத்துக்கு மாறாக வருமாயின், சங்க மேடையைக் கேட்கமாட்டோம். வாசிகசாலை முற்றத்தில் நிலத்தில் நின்று ஆடுவோம். சாதகமாக வருமாயின், அடுத்த வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்ததும் பாடசாலைப் பின்மண்டபத்தில் முதல் ஒத்திகை. அங்கே ஒரு குமிழ் எரியவில்லை. மின்சாரம் தெரிந்தவர்கள் யாராவது புதன்கிழமைக்கு முன் பார்த்துத் தந்தால் உதவியாக இருக்கும். கொப்பியைக் கொண்டுவரும் பெரியவருக்குச் சாய்மானமுள்ள கதிரை ஒன்று தேவை. வாங்கில் இருந்தால் அவருக்கு முதுகு நோகிறது. நடிகர் பட்டியலை இப்போதே எழுதி அறிவித்தற் பலகையில் ஒட்டியிருக்கிறோம். அரிச்சந்திரனுக்கு நேரே உள்ள பெயரை இங்கே உரக்க வாசிக்கவேண்டாம் என்று அப்பெயருக்குரியவர் கேட்டுக்கொண்டார். போகும்போது எல்லாரும் பலகையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.